பிளாஸ்டிக் படாத பவளம்

பதினெட்டு வருடமாக நான் பார்ப்பது கண்ணாடி கழுவும் வேலை. சட்டையில் குத்தியிருக்கும் அட்டை ‘தொழில்நுட்ப உதவியாளர் யென்’ என்று என்னவோ பெருமையாகத்தான் சொல்கிறது. காவ்ஷியோங் நகரில் துறைமுகம் தெரியும் நான்காம் மாடியில் எங்கள் ஆய்வகம். பேராசிரியர் து அதன் தலைவர். கடல் பஞ்சு, பாசி, பவளம் இவற்றைக் கரைத்து, உள்ளே மருந்துக்கு உதவுகிற சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற இடம். மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போய்விடுவார்கள். கழுவின குடுவையை ஒழுங்காகக் கவிழ்த்து வைக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ரூய்-லின் அதில் ஒருத்தி. அதனாலேயே அவள் மேல் எனக்குப் பிரியம்.

அவளுக்கு அது ஏழாவது வருடம். எங்கள் ஊரில் முனைவர் படிப்புக்கு ஏழு வருடம்தான் கெடு. ஜூலை கடைசிக்குள் தேர்வாளர்கள் ஐந்து பேர் முன்னால் நின்று தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஏழு வருடத்தையும் அவள் ஒரே ஓர் உயிரின் மேல் வைத்திருந்தாள். தீவின் தெற்கு முனையில், கென்டிங் கடலில், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பாறை மேல் படர்ந்திருக்கும் ஒரு மென்பவளம். கல்லாக இறுகாமல் கடைசி வரைக்கும் சதையாகவே இருந்துவிடுகிற பவளம்.

அதைக் கரைத்தபோது ஒரு பொருள் கிடைத்தது. நீளமான கொழுப்பு வால், நுனியில் ஒரு நைட்ரஜன். கஞ்சாச் செடியின் சரக்குக்கும் இதற்கும் உருவத்தில் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் கஞ்சா மூளையில் போய் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ, அதே பூட்டை இதுவும் திறந்தது. வலிக்கு மருந்தாகலாம், வலிப்புக்கு மருந்தாகலாம் என்று சார் மேடை மேடையாகப் பேசினார். ரூய்-லினின் அம்மா மட்டும் உறவுக்காரர்களிடம், “பவளத்துல ஏதோ வலி மருந்து பாக்குறா” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கஞ்சா என்ற சொல்லைச் சொன்னாலே போலீஸ் வந்து கதவைத் தட்டும் என்று பயம். எங்கள் நாட்டில் அந்தப் பயத்தில் தப்பும் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. அவளுடைய கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்துப் பார்த்த பெயர் தெரியாத மேதாவி ஒருவரின் கருத்து அது. பிளாஸ்டிக் பைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமலிருக்க ஒரு வழுக்குப் பொருள் கலக்கிறார்கள், அது உங்கள் பொருளின் அதே எடை, அதுவும் இந்தப் பூட்டைத் தொடக்கூடியது என்று எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: ‘நீங்கள் கண்டுபிடித்திருப்பது பையை. பவளத்தை அல்ல.’

பேராசிரியர் து அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

“விடும்மா. வேற பத்திரிகைக்கு அனுப்பிடலாம். எல்லாருக்கும் இந்த ஆள் மாதிரி மூக்கு நீளமா இருக்காது” என்றார்.

“அவர் சொல்றது சரியா தப்பான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“உயிருள்ள ஒடம்பும் அந்த வழுக்குப் பொருளைச் செய்யும். தூங்க விடாம வச்ச பூனையோட மூளைத் தண்ணியிலேயே எடுத்திருக்காங்க. பவளம் செய்யக் கூடாதா என்ன?”

“செய்யலாம். பையும் கொடுக்கலாம். ரெண்டுல எதுன்னு நான் கேக்குறேன்.”

“கெடு ஜூலையில.”

“பையைக் கரைச்சுப் பட்டம் வாங்க மாட்டேன் சார்” என்றாள் ரூய்-லின்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சார் என்னைப் பார்த்தார். நான் குடுவையைப் பார்த்துக்கொண்டேன்.

தேசியப் பூங்காக் கடலில் பவளம் வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அவள் சீட்டில் பாக்கி இருந்தது ஒரே ஒரு முறை, முந்நூறு கிராம், மே மாதம் முடியும்வரை. அதற்குள் மழைக்காலமும் வந்துவிடும். ஆகவே கையில் இருப்பது ஒரே ஒரு முக்குளிப்பு. அந்த முக்குளிப்பில், கடல் பாறையிலிருந்து மூலக்கூறின் எடை பார்க்கும் இயந்திரம் வரைக்கும் பிளாஸ்டிக்கின் நிழல்கூடப் படாமல் ஒரு பவளத்தைக் கொண்டுவந்து, அப்போதும் அந்தப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் கடல் கொடுத்தது. இல்லாவிட்டால் ஏழு வருடம் பைக்குப் போனது.

கேட்பதற்குச் சுலபம். எங்கள் ஊரில் பிளாஸ்டிக் படாமல் ஒரு டீ குடிக்க முடியுமா என்று முயன்று பாருங்கள், தெரியும். காலையில் சோயாப் பால் பையில் வருகிறது, சூடான நூடுல்ஸ் பையில் வருகிறது, பையில் வந்ததைப் போட்டுக்கொள்ள இன்னொரு பை வருகிறது. ஆய்வகம் அதைவிட மோசம். ஊசி, குழாய், மூடி, கையுறை, தட்டு எல்லாமே அதுதான். ரூய்-லின் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தாள். பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாக அலுமினியத் தாள். கையுறை கிடையாது, வெறுங்கையை மூன்று முறை கரைப்பானில் கழுவுவது. பவளத்தை நறுக்க எஃகுக் கத்தி. வைக்க, அவளுடைய அப்பா ரயில்வேயில் இருந்தபோது சாப்பாடு கட்டிக்கொண்டு போன எஃகுச் சம்புடம் இரண்டு.

“இதுல இன்னமும் கருவாட்டு வாசனை அடிக்குது” என்றேன்.

“கருவாடு பூட்டைத் திறக்காது அக்கா.”

என் பங்குக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன். எந்தக் குடுவையும் இந்த முறை அலமாரியில் தூசியோடு கிடந்ததாக இருக்கக் கூடாது, கழுவி உலர் அடுப்பில் முழு நாள் காய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே சட்டம் போட்டேன்.

அதோடு இன்னொன்றும் செய்தேன். இங்கே இயந்திரம் வைத்திருக்கிறவர் யாராக இருந்தாலும் அதன் தலையில் பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைப்பார். அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் வைத்தால் அந்த நிற விளக்கு எரிந்துவிடும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, காலாவதி ஆகவிடக் கூடாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் எடை பார்க்கும் இயந்திரம் பதினோரு வருடமாக ஓடுகிறது, பக்கத்து ஆய்வகத்தில் இரண்டு மாறிவிட்டது. பொட்டலம் மாற்றுவது என் பொறுப்பு. ரூய்-லின் கடலுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் நான் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்து, பேனாவால் தேதி எழுதி, ‘ரூய்-லினுக்காக நல்லபடியா நடந்துக்கோ’ என்றும் எழுதி, இருந்த இடங்களில் எல்லாம் பழசை எடுத்துப் புதுசு வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைதான். இந்த முறை கைகூப்பியும் கும்பிட்டேன்.

மே இருபதாம் தேதி காலை ஐந்தரைக்கு கென்டிங்கில் ஹௌபிஹு படகுத்துறையில் நின்றோம். சாமான் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். படகுக்காரர் ஆ-புன் அண்ணன் எங்களை ஏழு வருடமாகப் பார்க்கிறவர். வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணாடி ஜாடிகளையும் துணிப்பையையும் எஃகு வாளியையும் மேலும் கீழும் பார்த்தார்.

“என்னா டாக்டரம்மா, ஊறுகா போடப் போறீங்களா?”

“பிளாஸ்டிக் எதுவும் வேணாம் அண்ணா. ஐஸ் பெட்டிகூட வேணாம், வாளியில போட்டுக்கலாம்.”

“என் படகே ஃபைபர்தான். நீந்திப் போறியா?”

“படகு மேல வைக்க மாட்டேன். வாளிக்குள்ளதான் வைப்பேன்.”

“இந்தக் கஞ்சாப் பவளத்தை ஒரு தடவ சுருட்டிப் பிடிச்சுப் பாத்திருந்தா இந்தக் கஷ்டமே இல்ல. போதை ஏறுனா பவளம், ஏறலைன்னா பை. முடிஞ்சு போச்சு.”

“ஏறாது. இதை இழுத்தா இருமல்தான் வரும்” என்றாள், சிரிக்காமலே.

அவருடைய மனைவி எங்களுக்காகச் சோற்று உருண்டையும் சோயாப் பாலும் வாங்கி வைத்திருந்தாள். எல்லாம் பையில். ரூய்-லின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றாள். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, என் பங்கை வாங்கித் துறையின் மறு கோடியில் போய் நின்று தின்றேன். நான் சோப்பு போட்டுக் கை கழுவின பிறகுதான் ரூய்-லின் என்னைப் படகில் ஏற விட்டாள். அவள் வெறும் வயிற்றோடுதான் முக்குளித்தாள்.

வழக்கமாக நீருக்கடியிலேயே வெட்டி, ஜிப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு அவள் இரண்டு ஜாடியை வலைத் துணியில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு இறங்கினாள். ரப்பர் உடையைத் தவிர்க்க முடியாது. ஆகவே பவளத்தை உடம்பில் படாமல் கத்தி முனையாலேயே ஜாடிக்குள் தள்ள வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. மேலே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. ஜாடியை என் கையில் கொடுக்காமல் தானே வாளிக்குள் இறக்கினாள்.

“முந்நூறு கிராம் இருக்குமா?” என்றேன்.

“இருநூத்தித் தொண்ணூறு. ரெண்டு சம்புடத்துக்கும் பாதிப் பாதி. ஒண்ணு இப்ப, ஒண்ணு மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில.”

“ஒரே தடவையா போட்டா திரையில கோடு நல்லா உயரமா எழும்புமே.”

“பாதி எப்பவும் கையில இருக்கணும் அக்கா” என்றாள். அந்தப் பாதிதான் பின்னால் அவளைக் காப்பாற்றியது.

ஒரு வாரம் அவள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. நறுக்கி, உறையவைத்து உலர்த்தி, கரைத்து, வடித்து, வற்றவைத்து எல்லாம் தானே செய்தாள். எட்டாம் நாள் மதியம் இயந்திரத்தில் ஏற்றினாள். சாரும் வந்து நின்றார். திரையில் கோடு தரையோடு ஊர்ந்து போனது. பதினான்காம் நிமிடத்தில் எழுந்தது. நேராக, உயரமாக, ஏழு வருடமாக எழுந்த அதே இடத்தில்.

சார் கை தட்டினார். நான் இயந்திரத்தின் தலையிலிருந்த பொட்டலத்தைத் தட்டிக்கொடுத்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூன்று வாரம் அந்தப் பெண் பட்ட பாட்டுக்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“அந்த மூக்கு நீண்ட ஆளுக்கு இன்னைக்கே எழுது” என்றார் சார்.

“இன்னும் வெற்று ஓட்டம் ஓட்டலை சார்.”

வெற்று ஓட்டம் என்றால் பவளம் மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் அப்படியே செய்து பார்ப்பது. எங்கள் ஆய்வகத்தில் அதற்கு ஒரு சோம்பேறி வழி உண்டு. கரைப்பானைப் புதுக் குப்பியில் நேராக ஊற்றி இயந்திரத்தில் வைத்துவிடுவோம். கோடு தரையோடு போகும், சுத்தம் என்று எழுதிக்கொள்வோம். ஏழு வருடமும் அப்படித்தான் நடந்தது. இந்த முறை ரூய்-லின் வெற்றுச் சம்புடத்திலிருந்து ஆரம்பித்தாள். இல்லாத பவளத்தை நறுக்கினாள், இல்லாத பவளத்தைக் கரைத்தாள், வடித்தாள், வற்றவைத்தாள். சார் பொறுமையிழந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அதை ஏற்றினாள். பதினான்காம் நிமிடத்தில் முகடு எழுந்தது. பவளம் போட்டபோது இருந்த உயரம், கிட்டத்தட்ட அதே உயரம்.

பவளமே இல்லாமல் பவளத்தின் பொருள்.

நாற்காலியில் பின்னால் சாய்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பை இல்லாமலே வருது. அப்ப இங்கதான் எங்கயோ ஒரு பை இருக்கு” என்றாள். எழுந்து போய் நோட்டை எடுத்துவந்தாள்.

நானாக இருந்தால் அந்தத் திரையில் எதையாவது விட்டெறிந்திருப்பேன். ஜூலை கடைசிக்கு ஒன்பது வாரம்தான் இருந்தது. அவள் கரைப்பானைத் தனியாக ஓட்டினாள், சுத்தம். அலுமினியத் தாளைக் கழுவி ஓட்டினாள், சுத்தம். வற்றவைக்கும் கருவியின் குழாயை ஓட்டினாள், சுத்தம். தன் கையைக் கழுவின கரைப்பானை ஓட்டினாள். என் கையையும் கேட்டாள், கொடுத்தேன், சுத்தம். மூன்றாம் நாள் மிச்சமிருந்தது குடுவைதான்.

“குடுவைய சந்தேகப்படாதே. அது நான் கழுவினது” என்றேன் கொஞ்சம் சூடாகவே.

“தெரியும் அக்கா. அதனாலதான் கடைசியா வச்சேன்.”

அலமாரியில் தூசியோடு கிடந்த, நான் ஒதுக்கிவைத்த ஒரு குடுவையைக் கரைப்பானால் அலசி ஓட்டினாள். சுத்தம். அடுப்பில் காய்ந்த, பளபளவென்றிருந்த ஒன்றை அலசி ஓட்டினாள். முகடு.

இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் உலர் அடுப்பை நோக்கி நடந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை ஒரு நொடிகூட உறைக்கவில்லை என்பதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். ஊரிலுள்ள பிளாஸ்டிக்கையெல்லாம் அவளோடு சேர்ந்து நானும் எண்ணினேன். பொட்டலத்தை மட்டும் எண்ணவில்லை. அது எனக்குப் பையாகத் தெரிந்ததே இல்லை, காவலாகத்தான் தெரிந்தது.

அவள் கதவைத் திறந்து குனிந்தாள். கீழ்த் தட்டில், குடுவைகளுக்குப் பின்னால், அறுபது டிகிரிச் சூட்டில், பச்சை உறை லேசாக உப்பிப்போய் இருந்தது. அதன் மேல் என் கையெழுத்து. ரூய்-லினுக்காக நல்லபடியா நடந்துக்கோ.

“அக்கா. இது எப்பத்துலேர்ந்து உள்ள இருக்கு?”

“ஏழு வருஷத்துக்கு மேல. அடுப்பு அடிக்கடி கெட்டுப்போய்க்கிட்டு இருந்துச்சு. அப்பல்லாம் மேலதான் வச்சிருந்தேன். பாதுகாப்பு சோதனைக்கு வர்றாங்க, திங்கிற சாமான் ஒண்ணும் ஆய்வகத்துல இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அன்னைக்கு அவசரத்துக்கு உள்ள தள்ளி ஒளிச்சேன். அதுக்கப்புறம் அடுப்பு கெடவே இல்ல. சரி, இந்த இடந்தான் அதுக்குப் பிடிச்சிருக்குன்னு விட்டுட்டேன்.”

“மாத்துவீங்களா?”

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவ. நீ கடலுக்குப் போறதுக்கு முந்துன நாள்கூட.”

ரூய்-லின் அடுப்பின் கதவைப் பிடித்தபடியே நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கழுவிக் கழுவிக் காயவைத்த ஒவ்வொரு குடுவையிலும் ஏழு வருடமாக நானே அந்த வழுக்குப் பொருளைப் பூசிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு சுத்தமாகக் கழுவினேனோ அவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தேன். அந்தப் பெண்ணின் இளமையில் ஏழு வருடத்தை நான்தான் தின்றேன்.

“நான் சார்கிட்ட சொல்லிடறேன்” என்றேன்.

“சொல்லலாம். முதல்ல அதை எடுங்க. உங்க கையால எடுங்க” என்றாள். “இன்னும் பாதி இருக்கு.”

சாரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். பிறகு, “வெற்று ஓட்டம் நேராக் குப்பியில ஊத்துனாப் போதும்னு சொல்லிக்கொடுத்தது நான்தான்” என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து அந்த ஆளின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகத்து நுண்கலைத் துறையில் பானை சுடுகிற சூளை இருக்கிறது. குடுவைகளைத் தூக்கிக்கொண்டு போய், அவர்களைக் கெஞ்சி, நானூற்று ஐம்பது டிகிரியில் ஆறு மணி நேரம் சுட்டோம். எந்தக் கொழுப்பும் அந்தச் சூட்டில் பிழைக்காது. ஆறவிட்டு, அலுமினியத் தாள் போர்த்தி, நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி இரண்டாவது சம்புடத்தைத் திறந்தாள்.

இந்த முறை வெற்று ஓட்டத்தை முதலில் ஏற்றினாள். கோடு தரையோடு போனது. பதினான்காம் நிமிடம் வந்தது, போயிற்று. ஒன்றுமில்லை. அடுத்தது பவளம். நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் நிமிடத்தில் அந்த முகம் அசையவில்லை. முகடு வரவில்லை.

ஆக, அந்த மூக்கு நீண்ட ஆள் சொன்னது சரி. பையைத்தான் கண்டுபிடித்திருந்தோம்.

“அக்கா, இங்க பாருங்க” என்றாள் பிறகு.

பெரிய முகடு எழுந்து நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கோடு ஓர் எறும்புப் புற்றளவுக்கு மேடிட்டிருந்தது. வேறு எடை. வெற்று ஓட்டத்தில் அது இல்லை. இத்தனை வருடம் பெரியதன் சரிவில் மூடிக் கிடந்திருக்கிறது, யாரும் பார்த்ததில்லை. அவள் மறுபடி ஏற்றினாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. மொத்தத்தையும் பிரித்துச் சேர்த்தால் கடுகில் பாதி தேறவில்லை. பூட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். லேசாக அசைத்தது, திறந்தது என்று சொல்ல முடியாது.

“இதை வச்சுக்கிட்டு பட்டம் கேக்கப் போறியா?” என்றார் சார்.

“இதையும் கேக்கப் போறேன். பெருசு எப்படிப் பொய் சொல்லுச்சுங்கிறதையும் வச்சுக் கேக்கப் போறேன்.”

பழைய ஆய்வேட்டில் முக்கால்வாசியைக் கிழித்துப்போட்டு ஐந்து வாரத்தில் புதிதாக எழுதினாள். அடுப்பு, பொட்டலம், சோம்பேறி வெற்று ஓட்டம் எல்லாம் படத்தோடு ஓர் அத்தியாயம். என் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

ஜூலை இருபத்தொன்பது. ஐந்து தேர்வாளர்களில் நாலு பேர் உள்ளூர். ஐந்தாவது பேராசிரியர் ஷுவே, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அதிவேக ரயிலில் வந்திருந்தார். கேள்வி கேட்டே ஆளைச் சாய்ப்பவர் என்று பெயர். தேர்வாளர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் பழமும் வைப்பது எங்கள் வழக்கம். அதை வைத்துவிட்டு நான் பின் சுவரோரம் நின்றுகொண்டேன். ரூய்-லின் நாற்பது நிமிடம் பேசினாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கடைசிப் படமாக அந்தச் சின்ன மேட்டைக் காட்டி, “கடல் கொடுத்தது இவ்வளவுதான். ஆனா இது கடல் கொடுத்தது” என்று முடித்தாள்.

பேராசிரியர் ஷுவே கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ பையைத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு நான் எழுதின... அவங்க எழுதினது சரிதானே?”

ரூய்-லினின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “சரிதான் சார். அவங்களுக்கு நன்றி எழுதியிருக்கேன், மூணாம் பக்கத்துல.”

“ம். ஏழு வருஷம் ஒரு தின்பண்டப் பை ஓவனுக்குள்ள இருந்திருக்கு. யாருக்கும் தெரியல. இது என்ன ஆய்வகம்? வச்சது யாரு?”

“எங்க ஆய்வகம் வச்சது சார்” என்றாள்.

“ஆய்வகத்துக்குக் கை கிடையாது. யாருன்னு கேட்டேன்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவளைத் தோற்கடித்தாலும் திறக்க மாட்டாள்.

“நான் வச்சேன் சார்” என்றேன் சுவரோரத்திலிருந்து. ஐந்து தலையும் திரும்பின. “யென். கண்ணாடி கழுவுறவ. சோதனைக்கு வந்தப்ப ஒளிச்சு வச்சேன், அடுப்பு நல்லா ஓடுச்சு, அப்படியே விட்டுட்டேன். பச்சைதான், காலாவதி ஆகாததுதான். பதினெட்டு வருஷமா எல்லாம் ஒழுங்காச் செஞ்சேன் சார், இந்த ஒண்ணைத் தவிர. தப்பு என் மேல. கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு.”

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி எதையோ யோசித்தார்.

“ஒரு நிமிஷம்” என்று சொல்லி, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

“நான்தான். நம்ம ஆய்வகத்து உலர் ஓவனைத் திற. ஆமா, இப்பவே. உள்ள... இல்லையா? சரி, மேல் தட்டு? பின்னாடி கையை விட்டுப் பாரு.” செருப்புச் சத்தம் இரண்டு அடி போய்த் திரும்பியது. “எத்தனை பொட்டலம்?... யாரையும் திட்டாதே. எடுத்து வெளிய வை. நான் வர்றவரைக்கும் ஒரு குடுவையையும் தொடாதீங்க.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர் முன்னால் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியின் அட்டை மூடியைத் திருப்பி வைத்து, பேனாவைத் திறந்தார்.

“குடுவையை எத்தனை டிகிரியில சுட்டீங்க, டாக்டர்?”

“நானூத்தம்பது சார். ஆறு மணி நேரம்.”

அதை அட்டையில் எழுதிக்கொண்டு, அதே பேனாவால் தாளில் கையெழுத்துப் போட்டார்.